கிளீனருக்கு வேலை இல்லை

மார்ச் 4, செவ்வாய்

அண்ணனின் நாய் கிளீனர் இன்று சோபாவின் ஒரு மூலையைப் பிய்த்துவிட்டது. பல்செட் செய்யும் கூடத்தில் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் வீடெங்கும் பஞ்சு. நடுவில் சக்கர நாற்காலியில் அண்ணன். எனக்கு வேலை குறையட்டும் என்று, கைக்கு எட்டிய பஞ்சையெல்லாம் இடது கையால் பொறுக்கி மடியில் குவித்து வைத்திருந்தான்.

"என்னண்ணா இது?"

"சரி சரி" என்றான்.

பக்கவாதத்துக்குப் பிறகு அவனிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்தான். பசிக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், வேண்டாம் என்பதற்கும் அதுதான்.

மார்ச் 6, வியாழன்

கீழ்வீட்டு அக்கா படியில் நிறுத்திச் சொன்னார். "கோவிச்சுக்காதம்மா. நீ வேலைக்குக் கிளம்பினதும் குரைக்க ஆரம்பிச்சா, சாயங்காலம் வரைக்கும் விடுறதே இல்ல. பாவம், அதுக்கு என்னமோ பண்ணுது போல."

திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

மார்ச் 9, ஞாயிறு

நாய் டாக்டரிடம் போனோம். காலையில் தெருமுனை வரை கூட்டிப்போகிறேனே, போதாதா என்று கேட்டேன். முன்னால் யாரிடம் இருந்தது என்றார். சொன்னேன். குட்டியிலிருந்து அண்ணனோடு லாரியில். கூட வந்த கிளீனர் பாதி வழியில் சொல்லாமல் ஓடிப்போன வாரத்தில் கிடைத்த குட்டி. அதனால் அந்தப் பெயர். இடது பக்க சீட் அதனுடையது. தினமும் வேறு ஊர், வேறு மண், வேறு வாசனை. லோடு இறக்கும் இடத்திலெல்லாம் அண்ணனோடு ஓட்டம்.

டாக்டர் அதன் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். "உடம்புல ஒண்ணும் இல்லம்மா. வேலை போயிடுச்சு, அவ்வளவுதான். நல்லா ஓட விடுங்க. மோந்து பாக்க நின்னா நிக்க விடுங்க, இழுக்காதீங்க. சாப்பாட்டைத் தட்டுல வெக்காம ஒளிச்சு வையுங்க. தேடித் திங்கட்டும். மூளைக்கும் தீனி வேணும்ல."

வேலை போனது அதற்கு மட்டுமா?

மார்ச் 10, திங்கள்

விடியும்போதே மைதானம். அது ஓடியது. நான் மூச்சு வாங்கினேன். ஒரு மரத்தடியில் அது மோந்து முடிப்பதற்குள் நான் வேலைக்குப் பிந்திவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

பழைய துண்டில் பிஸ்கட் துண்டுகளை வைத்துச் சுருட்டி, முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். மூக்காலும் காலாலும் பிரித்து எடுத்தது. அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு துண்டை இங்கே கொடு என்று கையை ஆட்டினான். ஒரு முனையைப் பல்லில் கடித்து, இடது கையால் முறுக்கி, என்னுடையதைவிட இறுக்கமாகச் சுருட்டினான். லோடு கட்டிய கை அல்லவா.

அடுத்த துண்டு பிஸ்கட்டை அசையாத வலது கைக்குள் வைத்து மூடினான். கிளீனர் அந்த விரல்களை ஒவ்வொன்றாக மூக்கால் நிமிர்த்தியது. சுண்டுவிரல் தானாக அசைந்ததா? அசைந்த மாதிரிதான் இருந்தது. நான் ஆசைப்பட்டதால் தெரிஞ்சுதோ என்னவோ.

மார்ச் 26, புதன்

இன்று குரைப்பே இல்லையாம். கீழ்வீட்டு அக்கா மேலே ஏறி வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

முன்னங்காலை நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொண்டிருக்கிறது.

கூடத்தில் வேலை அதிகம். இந்த வாரம் பாதி நாள் மைதானத்துக்குப் போகவில்லை. ஒளித்து வைப்பதையெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் எடுத்துவிட்டு, அடுத்தது என்ன என்று என் முகத்தைப் பார்க்கிறது. நான் என்ன பண்ணுவேன்? அண்ணனைக் குளிப்பாட்டணும், சமைக்கணும், நாள் பூரா குனிஞ்சு மெழுகுல பல்லு அடுக்கணும், வந்து உன்னையும் ஓட்டணும். யாராவது என்னைக் கொஞ்ச நேரம் ஒளிச்சு வெச்சாத் தேவலை.

சாயங்காலம் தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. கிளீனர் பாய்ந்து பால்கனிக் கம்பியில் மோதிக்கொண்டது. மூக்கில் ரத்தம். துடைத்துவிட்டு நிமிர்ந்தால், அண்ணனும் கழுத்தைத் திருப்பி அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மௌனி வந்தார். அண்ணனோடு லாரி ஓட்டியவர். வாய் ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர். கிளீனரின் காலைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது.

"என்னடா, இப்படி ஆயிட்ட" என்று தரையில் உட்கார்ந்தார்.

அண்ணன் ஆணியில் தொங்கிய, கிளீனரைக் கட்டும் வாரைக் காட்டினான். எடுத்துக் கொடுத்தேன். வெளியே கூட்டிப்போகச் சொல்கிறான் என்று நினைத்தேன். அதை மௌனியின் கையில் வைத்து, விரல்களை மூடி, அவர் கையைத் தன் கையால் அழுத்தினான்.

"சரி" என்றான்.

"யோவ், என்னய்யா சொல்ற? எனக்கா? உன் புள்ளய்யா அது." மௌனி என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நெசமாத்தான் சொல்றானா?"

எனக்கு எப்படித் தெரியும்? "அண்ணா, கொடுத்துடலாம்னு சொல்றியா? வேண்டாம்னா தலையை ஆட்டு" என்றேன். அவன் தலையை ஆட்டவில்லை. தோளில் கிடந்த துண்டை உருவி நீட்டினான். இடது பக்கம் காட்டினான். சீட்டில் விரிக்கணுமாம்.

லிஃப்டில் எல்லோரும் இறங்கினோம். லாரியைக் கண்டதும் கிளீனர் ஒரே தாவில் ஏறிவிட்டது. ஏறிய பிறகுதான் அண்ணனைத் தேடியது. டிரைவர் பக்கம் போய் நின்று கீழே பார்த்துக் குரைத்தது, நீ ஏறு என்பது போல. அண்ணன் கதவைத் தட்டினான், கிளம்பு என்று.

ஏப்ரல் 21, திங்கள்

பிஸ்கட் டப்பாவை அலமாரிக்குள் தள்ளி வைத்தேன். வீடு சுத்தமாக இருக்கிறது. சே, என்ன சுத்தம்.

மே 18, ஞாயிறு

மௌனி இந்த வழியாகப் போவதாகப் போன் செய்தார். பெட்ரோல் பங்க் ஓரமாகக் காத்திருந்தோம். லாரி நிற்பதற்குள் கிளீனர் குதித்தது. அண்ணன் மடியில் ஏறி, முகம், கழுத்து, அந்த வலது கை, ஒன்று விடாமல் மோந்து நக்கியது. அவன் அதன் முன்னங்காலைத் திருப்பிப் பார்த்தான். புண் ஆறி முடி முளைத்திருந்தது.

"ராத்திரி படுத்தா கட்டை மாதிரி தூங்குறான். போற ஊர்ல எல்லாம் எனக்கு முன்னாடி இவனுக்குத்தான் ஆள் பழக்கம்" என்றார் மௌனி.

நேரமாயிற்று. மௌனி இன்ஜினைப் போட்டார். யாரும் கூப்பிடவில்லை. கிளீனர் அண்ணன் மடியிலிருந்து இறங்கி, தானே ஓடி, தானே ஏறி, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி முன்னால் வரும் சாலையைப் பார்த்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவன் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டேன்.