வயர்லெஸ்ஸில் தபன்தாவின் குரல்

15.11.98, ஞாயிறு

தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த, வயர்லெஸ் பேச்சைப் பிடிக்கும் ஸ்கேனரை இன்று மதியம்தான் பிரித்தேன். தேடும் பொத்தானை அழுத்தியதும் அலைவரிசை எண்கள் ஓடி ஓரிடத்தில் நின்றன. தீயணைப்பு வண்டிக்காரர்களின் பேச்சு. அந்த எண்ணை முதல் சேனலில் பதிந்துகொண்டிருந்தபோது, கிண்ணத்தைத் திருப்பித் தர வந்திருந்த எதிர்வீட்டு வங்காளி அண்ணி ஷிப்ரா பௌதி அப்படியே நின்றுவிட்டார்.

"லலிதா, இது எங்க வீட்டுக்காரர் குரல்!"

என்னால் நம்ப முடியவில்லை. தீயணைப்பு அதிகாரிதான் என்றாலும், பௌதியின் கணவர் தபன்தா மாடிப்படியில் என்னைப் பார்த்தாலே கூச்சப்பட்டுச் சுவரோரம் ஒதுங்குகிறவர். இந்தக் குரலோ வங்காள மொழியில் அதட்டியது.

"கிடங்குக்குள்ள ரெண்டு பேர் மாட்டிக்கிட்டிருக்காங்க. நான் போறேன். யாரும் பின்னால வரக் கூடாது."

பிறகு வெறும் இரைச்சல். பௌதி என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். இந்தப் பெட்டியை ஏன்தான் இன்று திறந்தேனோ என்றிருந்தது.

பத்து நிமிடம் போயிருக்கும்.

"ரெண்டு பேரும் உயிரோட இருக்காங்க. ஆம்புலன்ஸ் அனுப்புங்க." அதே குரல், மூச்சு வாங்கியது.

பௌதி அழுதுகொண்டே சிரித்தார். "நாம கேட்டது அவருக்குத் தெரியவே கூடாது. அப்புறம் வீட்டுல வாயே திறக்க மாட்டார்."

இதையெல்லாம் கேட்கச் சட்டத்தில் இடமுண்டா என்று நான் இன்னும் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரிக்க வேண்டும்.

சாயங்காலம் தபன்தா வந்தபோது பௌதி வாசல் கேட் வரை இறங்கிப் போய் அவர் பையை வாங்கிக்கொண்டார். தபன்தாவின் ஒரு புருவம் கருகியிருந்தது. மாடிப்படியில் உட்கார்ந்திருந்த நான் என்னையறியாமல் எழுந்து நின்றேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் கேட்டார்:

"இன்னிக்கு ஏதாவது பூஜையா?"