வனாந்தரத்தில் சண்டை பிடித்தவர்கள்

மச்சான்,

இன்று காலை பருப்பை அடிப்பிடிக்க விட்டேன். கருகிய வாசத்துக்கு என் மனைவிக்கு முன்பே அடுத்த வீட்டார் விசாரிக்க வந்துவிட்டார்கள். எனக்கோ உன் நினைவுதான் வந்தது.

செங்கலடியில் பள்ளிக்கூடமொன்றில் அகதிகளாக இருந்தோமே, கோப்பையோடு வரிசையில் நின்று, தினமும் அதே சோறும் பருப்பும். "வாவி நிறைய மீன் கிடக்க நமக்கு இதுதானா?" என்று நான் புலம்ப, நீ சிரிக்காமல் கேட்டாய்: "வனாந்தரத்தில மோசேக்குப் பின்னால போன அந்தச் சனத்துக்கு எகிப்து மீனும் வெங்காயமும் ஞாபகம் வந்திச்சு. அங்க அடிமையா வாங்கின அடி ஏன்டா மச்சான் ஞாபகம் வரல்ல?" எனக்கென்ன தெரியும்? ஆனால் அன்றிலிருந்து, பழைய காலம் தித்திக்கும்போதெல்லாம் என் நாக்கைத்தான் முதலில் சந்தேகிக்கிறேன்.

வழிகாட்டும் மேகம் எழும்பாமல் பயணம் நின்ற நாட்களில் அந்தச் சனம் கூடாரத்துக்குள் என்ன செய்திருக்கும் என்றும் ஒருமுறை யோசித்தாய். "ஊர்வம்பு பேசியிருக்கும். உன்னைப்போல ஆக்கள் அங்கயும் இருந்திருப்பாங்கதானே" என்று நீயே முடிவும் கட்டினாய். உன்னைக் கண்டால் போதகர்மார் பிரசங்கத்தைச் சுருக்கியதில் வியப்பில்லை.

நீ போனபின் நடந்த கதையைக் கேள். நம் வெள்ளிக்கிழமை வீட்டுக்கூட்டத்தில் இன்னமும் பாட்டு முடிந்தவுடன் ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சி சொல்லும் வழக்கந்தான். சுகம் கிடைத்தவரும் விசா கிடைத்தவரும் எழும்புவார்கள்; கிடைக்காதவர்கள் தேநீர் வரும்வரை பாயைப் பார்த்திருப்பார்கள். போன மாதம் வெளியூர்ப் போதகர் ஒருவர், "முறுமுறுத்தவன் வாக்குப்பண்ணின கானானைக் காணவில்லை!" என்று முழங்கிவிட்டுப் போனார். அதன்பின் உன் மனைவி கூட்டத்துக்கு வரவில்லை.

பார்க்கப் போனேன். அவளைச் சிரிக்கவைக்க நல்ல பகிடியொன்று தயாராக வைத்திருந்தேன். அவள் சொல்ல விடவில்லை.

"அண்ணன், அவர் ஆஸ்பத்திரியில கிடக்கக்குள்ள நான் ஆண்டவரோட சண்டை பிடிச்சனான். அதுக்குத்தான் அவரை எடுத்தவரோ?"

உன்னைப்போல வேதத்தைத் துருவினேன். அந்த மீன், வெங்காயம் வரும் அதே அதிகாரத்தில் மோசே நிற்கிறார்.

"இங்க பார் தங்கச்சி. 'இந்தச் சனத்தை நானா பெத்தன், என்னால சுமக்க ஏலாது, என்னைக் கொன்றுபோடும்' எண்டு மோசேயே ஆண்டவருக்கு நேர சொல்றார். ஆண்டவர் அவரை அடிச்சவரா? சேர்ந்து சுமக்க எழுபது பேரைக் குடுத்தவர்."

"அப்ப, முறுமுறுத்து அங்கேயே செத்த சனம்?"

"அவங்க எகிப்துக்கே திரும்பிப் போகப் பார்த்தாங்க. நீ ஆண்டவரிட்டத்தானே போய்ச் சண்டை பிடிச்ச. உன்ர மனுசன் ஏன் போனார் எண்டு எனக்குத் தெரியா புள்ள. உன்ர வாயால இல்ல எண்டு மட்டும் தெரியும்."

பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்று எனக்கும் பயம்தான்.

நேற்று வெள்ளிக்கிழமை வந்தாள். சாட்சி நேரத்தில் எழும்பினாள். "எனக்கு நல்ல சாட்சி ஒண்டும் இல்ல. ஆண்டவரோட இன்னும் கோவம்தான். எண்டாலும் வந்திரிக்கன்." எதற்கும் அல்லேலூயா போடுகிற நம் கூட்டத்தில் முதலில் ஒரு பெண் நகர்ந்து அவளருகே போய் உட்கார்ந்தாள். பிறகு இன்னொருத்தி. எழுபது பேருக்கு நாங்கள் எங்கே போக? இருந்தவர்கள் நெருங்கி உட்கார்ந்தோம். அதன்பின் விசா கிடைக்காதவரும் எழும்பினார். தேநீர் ஆறியே போனது.

இப்போதெல்லாம் எங்கே யாரும் கேட்கப் பயப்படும் கேள்வி கிடக்கிறது என்று தேடித்தான் வேதத்தைத் திறக்கிறேன். உன்னிடமிருந்து தொற்றிய பழக்கம், மச்சான். விடுவதாக இல்லை.