டைனமோ போன ஜீப்பும் மாப்பிள்ளை அழைப்பும்

ஆவணி 2, திங்கள்

காலையிலிருந்து தூறல். வெள்ளிமலைக்கு ஒரு சவாரி. ஜீப் சரியில்லை. கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைத்தால் ஹெட்லைட் மங்குகிறது, ஆக்சிலேட்டர் மிதித்தால் பளிச். வைப்பர் இழுத்துக்கொண்டு நகர்கிறது. ஹாரனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பேட்டரி போன மாதம்தான் புதுசு. பின்னே என்ன கேடு?

தக்காளி வாங்க மறந்துவிட்டேன். தங்கச்சி செல்வி முறைத்தாள்.

ஆவணி 3, செவ்வாய்

டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு லேசாகச் சிவப்பு. பெல்ட் பக்கம் கருகல் வாடை. சங்கராபுரத்தில் எலக்ட்ரீஷியன் பாயிடம் காட்டினேன். இன்ஜினை ஓடவிட்டு மீட்டர் வைத்தார்.

"பேட்டரி மேல குத்தம் இல்ல தம்பி. டைனமோ சார்ஜ் ஏத்தல. உள்ள கார்பன் தேஞ்சி கீது. நாளைக்கி வுட்டுட்டுப் போ, மாத்திடலாம்."

அதுவரை ஓட்டலாமா?

"டீசல் வண்டி, பகல்ல ஓடும். லைட்டு கீட்டு போட்டா இருக்கிற பேட்டரிய முழுங்கிடும். ஆஃப் ஆச்சின்னா மறுக்கா ஸ்டார்ட் ஆவாது."

ஆவணி 4, புதன்

பாயிடம் போகவில்லை. கிளம்பும் நேரம் வாசலில் முரளியின் அம்மா. எங்கள் வீட்டு வாசலில்!

போன தை மாதம் செல்விக்கும் முரளிக்கும் நிச்சயம். தட்டு மாற்றும்போது கரண்ட் போனது. ஊருக்கே போனது. "வெளக்கு அணைஞ்சிடுச்சி, இவ கால் வெச்சா வூடு வெளங்காது" என்று இந்தம்மாதான் நிச்சயத்தை முறித்தாள். அதிலிருந்து செல்வி எந்தக் கல்யாணத்துக்கும் போவதில்லை.

இப்போது முரளிக்கு வேறு பெண். அடுத்த வியாழன் மாப்பிள்ளை அழைப்பு.

"தொறந்த ஜீப்பு இந்தப் பக்கம் ஒன்னாண்டதான் கீது. பழச மனசுல வெச்சிக்காதப்பா. வண்டி பூரா சீரியல் லைட்டு, ஸ்பீக்கர் போடணும். ஜெனரேட்டர் வேணாம், சத்தம் ஜாஸ்தி. வண்டியிலருந்தே கரண்டு எடுத்துக்கலாம் இல்ல?"

டைனமோ விஷயம் வாய் வரை வந்தது. விழுங்கினேன்.

"தாராளமாங்க."

அணையட்டும். இவள் வீட்டு விசேஷத்திலும் ஊர் பார்க்க விளக்கு அணையட்டும்.

ஆவணி 8, ஞாயிறு

பகல் சவாரி மட்டும். மற்ற நேரம் பேட்டரிக்கு வெளிச் சார்ஜர். ஊர்வலம் கிளம்பும் கோயிலடியிலேயே வண்டி செத்துவிடக் கூடாது. கடைத்தெரு நடுவில் சாக வேண்டும்.

பாய் போன். "இன்னா தம்பி, வரவே இல்ல?" வேலை என்றேன். ரொம்ப நாளுக்குப் பிறகு சோறு ருசிக்கிறது.

"இன்னாண்ணா, தானா சிரிச்சிக்கினு கீற?" என்றாள் செல்வி. ஒன்றுமில்லை என்றேன்.

ஆவணி 12, வியாழன்

நடந்தது.

பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம். வண்டி முழுக்க சிவப்பும் பச்சையுமாய் லைட். முரளி கோட்டு, மாலை, பொழுது சாய்ந்த பிறகும் கூலிங் கிளாஸ். கடைத்தெருவில் முதலில் பாட்டு இழுத்தது. ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தார்கள். அப்புறம் லைட்டெல்லாம் மங்கல். கிளட்ச்சைச் சட்டென்று விட்டேன். வண்டி குதித்து நின்றது. சாவியைத் திருகினேன். டிக். அவ்வளவுதான். முழு இருட்டு.

யாரோ விசில். முரளி கோட்டோடு இறங்கித் தள்ளினான். செருப்பு ஒன்று சேற்றில். திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வயிறு குளிர்ந்தது.

மண்டபத்து வாசலில் பெண் வீட்டார் ஆரத்தித் தட்டோடு. முரளியின் அம்மா நேராகப் பெண்ணின் அப்பாவிடம் போனாள்.

"பாத்தீங்களா. ஒங்க பொண்ணு இன்னும் காலே வெக்கல, அதுக்குள்ள வெளக்கு அணையுது. காலைல தாலிக்கி முன்ன பேசணும்."

அந்த மனுஷன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பினார்.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஆவணி 13, வெள்ளி

விடியும்போதே மேகம். செல்வியிடம் எல்லாம் சொன்னேன், பாய் சொன்னது முதல். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"அந்தப் பொண்ண இன்னா சொன்னாங்க?"

சொன்னேன். தோசைக் கல்லை இறக்கிவிட்டு உள்ளே போனாள்.

புடவை மாற்றி வந்து நிற்கிறாள். மண்டபத்துக்குப் போக வேண்டுமாம். டைனமோ போனது, தெரிந்தே ஓட்டினேன் என்று எல்லார் முன்னாலும் நான் சொல்ல வேண்டுமாம். அந்தப் பொம்பளையிடம், என் வாயால். முடியவே முடியாது என்றேன். அந்தம்மா முகத்தை நினைத்தாலே இன்னும் பற்றி எரிகிறது.

செல்வி சண்டை போடவில்லை. என் சட்டையை எடுத்து என் மடியில் போட்டாள்.

"பஸ்ஸு வந்துடும்ணா. அன்னிக்கி ஊருக்கே கரண்டு போச்சின்னு எனக்காவ ஒருத்தரும் எழுந்து சொல்லல. நீயும் அங்கதான் ஒக்காந்துகினு இருந்த."