மாடியில்லாக் குப்பத்து முழங்கால்கள்

3 ஜூன் 2025, செவ்வாய்

திருப்பாச்சூர் நெல் விவசாயிகள், கும்மிடிப்பூண்டி உருக்காலைத் தொழிலாளிகள், பழவேற்காட்டு மீன்காரப் பெண்கள். மூன்று மருத்துவக் குழுக்கள் சேகரித்த முழங்கால் விவரம் இன்றைக்கு ஒரே கோப்பில் சேர்ந்தது. சேர்த்தவள் நான். திருவள்ளூரில் எங்கள் மையத்துக்கு வேலையே அதுதான்: டாக்டர்கள் தனித்தனியாக அள்ளி வருவதை ஒன்றாக்கிக் கணக்குப் போட்டுத் தருவது. கட்டுரை வெளிவரும்போது கடைசியில் நன்றி என்று ஒரு வரி வரும். போன தடவை அதில் வினோதாவான என்னை வினோத் ஆக்கிவிட்டார்கள். மீசைதான் பாக்கி.

5 ஜூன்

ஆய்வுக்குத் தலைவரான டாக்டர் இம்மானுவேலுக்கு முடிவை அனுப்பினேன். வலி மிகக் குறைவு மீன்காரப் பெண்களுக்குத்தான். அவருக்கு ஒரே குஷி. "உழைச்சு உரமேறின உடம்பு வினோதா! மாசாமாசம் நடத்தப்போற மூட்டு முகாம் அங்க வேணாம், கும்மிடிப்பூண்டிக்கே குடுத்துடலாம்" என்றார். ஒரே ஒரு முகாமுக்குத்தான் அனுமதி. இருபதாம் தேதி கூட்டத்தில் முடிவாகும்.

எனக்கென்னவோ மனசு ஒப்பவில்லை.

6 ஜூன்

எக்ஸ்ரே விவரம் தனிக் கோப்பில் கிடந்தது. இரண்டையும் ஒட்டிப் பார்க்க இதுவரை யாருக்கும் தோன்றவில்லை. ஒட்டினேன். பழவேற்காட்டு மீனவர் குப்பத்தில் எண்பத்துநான்கு பெண்களில் ஐம்பத்தொரு பேருக்கு மூட்டு தேய்ந்திருக்கிறது. வலி? பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். எலும்போடு எலும்பு உரசுதாம், வலிக்கலையாம்! யாருகிட்ட கதை விடறீங்க?

9 ஜூன்

களப்பணியாளர் சோனியாவோடு குப்பத்துக்குப் போனேன். கேள்விகளைப் படித்துக்காட்டிப் பதில் குறித்தவள் அவள்தான். கங்கம்மாள் என்ற அம்மா குந்தி உட்கார்ந்து மீன் அறுத்துக்கொண்டிருந்தார். பழைய தாளையே மறுபடி கேட்கச் சொன்னேன்.

"மாடிப்படி ஏறும்போது கஷ்டமா இருக்குதாம்மா?"

"இல்லம்மா."

"கார்லருந்து எறங்கும்போது?"

"அதெல்லாம் ஒண்ணும் கெடையாது."

"அப்போ முட்டியே வலிக்காதா?" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

அரிவாள்மணையை நகர்த்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா கேக்கற நீ? இந்தக் குப்பத்துல மாடி எங்க கீது? ஏறாத மாடியில எனுக்கு இன்னா கஷ்டம்? மீன்கூடையத் தூக்கிக்கினு எழுந்துக்கும்போது கேளு. முட்டி இன்னா பேஜாரு பண்ணுதுன்னு அப்ப சொல்றேன்."

சோனியாவின் முகம் தொங்கிவிட்டது. "சொன்ன பதிலத்தான் குறிச்சேன் வினோதா."

அவளைச் சொல்லி என்ன பயன்? வெளிநாட்டுக் கேள்வித்தாளை அப்படியே தமிழாக்கி நீட்டியது யார்? அச்சடிக்கும் முன்னால் அதைப் பார்த்துத் தலையாட்டியவர்களில் நானும் ஒருத்தி. வெட்கமாக இருக்கிறது.

10 ஜூன்

டாக்டரிடம் சொன்னேன். "குப்பத்துக்கு மட்டும் கேள்விய மாத்தினா மத்த ஊரோட ஒப்பிட முடியாதே" என்றார். நியாயம்தான். அப்படியானால் மூன்று ஊரிலும் புதிதாகக் கேட்கிறேன் என்றேன். "பத்து நாள்லயா?" என்று சிரித்தார்.

சிரிங்க சார், சிரிங்க.

18 ஜூன்

முடித்தாகிவிட்டது! சுமையோடு எழுவது, தரையில் குந்தி வேலை செய்வது, மேடு பள்ளத்தில் நடப்பது. மூன்று ஊருக்கும் ஒரே கேள்விகள். சோனியாவுக்குக் காலில் கொப்புளம். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

20 ஜூன்

ஜெயித்தேன்!

வலியில் கடைசியில் கிடந்த குப்பம் முதலிடத்துக்கு வந்துவிட்டது. எக்ஸ்ரேயும் வலியும் இப்போது ஒரே கதையைச் சொல்கின்றன. திரையில் போட்டேன். பிறகு டாக்டர் இம்மானுவேல் எழுந்து, "நான் சொன்னது தப்பு" என்றார், அத்தனை பேர் முன்னாலும். பெரிய மனசுதான். முகாம் குப்பத்துக்கே. கட்டுரை எழுதியவர்கள் வரிசையில் என் பெயர் இரண்டாவது, சோனியா மூன்றாவது.

பஸ் ஸ்டாண்டில் கால் கிலோ ஜிலேபி வாங்கி, யாருக்கும் கொடுக்காமல் நானே தின்றேன். சந்தோஷம் தாங்கவில்லை.

12 ஆகஸ்ட், செவ்வாய்

முதல் முகாம். அறுபத்தாறு டோக்கன். நாற்காலி போதாமல் டாக்டரே பெஞ்சு தூக்கினார்.

மீனவர் சங்கத்துச் சுவரில் நாங்கள் போவதற்கு முன்பே எழுதியிருந்தார்கள்: மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய், மூட்டு வைத்தியம். எழுத்து கொஞ்சம் கோணல். அதற்குள் எழுதிவிட்டீர்களா என்று கங்கம்மாளிடம் கேட்டேன்.

"சுண்ணாம்புல எழுதப் பாத்தானுங்க. மழைக்குப் பூடும்னு சொல்லி, படகுக்கு அடிக்கிற பெயிண்ட்ட நான்தான் எடுத்தாந்து குடுத்தேன்" என்றார்.