பெயரைப் போட்டுத்தான் எழுதுவேன்

பந்திங்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள வயலட் அக்காவுக்கு,

உன் தங்கை மார்க்கிரட் எழுதுவது. ஆண்டவர் தயவில் நான் நலமாக இருக்கிறேன். பெர்த்தில் குளிர் தொடங்கியிருக்கும். அத்தானுக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது? கொஞ்ச நாளாக நீ என் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீலக்கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால் காகிதத்தில் எழுதித் தபாலில் போடுகிறேன். இதில் நான் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நீ போனை வைக்க முடியாது பார்.

கடைசியாகப் பேசியபோது மூன்று விஷயம் சொன்னாய். அந்த ப்ளாக்கை மூடு என்றாய். சபைக் கமிட்டியிடம் மன்னிப்புக் கேள் என்றாய். இந்த வயதில் ஊழியம் போய்விட்டால் யார் உனக்குச் சோறு போடுவார்கள் என்றாய். மூடமாட்டேன். கேட்கமாட்டேன். சோறு இங்கே நன்றாகவே கிடைக்கிறது. இன்று மத்தியானம் ஒரு வீட்டில் நண்டுக் குழம்பு வைத்து, என்னை எழுந்திருக்கவே விடவில்லை.

ஆமாம், என்னைக் கிள்ளானிலிருந்து மாற்றிவிட்டார்கள். நீ யார் யாரிடமோ கேட்டு அரைகுறையாகத் தெரிந்துகொண்டிருப்பாய். நான் சொல்வதையும் கேள்.

ப்ளாக்கைத் தொடங்கியபோது அதில் என் பிரசங்கங்களைத்தான் போட்டேன். யாரும் படிக்கவில்லை. நீயும் படிக்கவில்லை, பொய் சொல்லாதே. ஒருநாள் போதகர் வீட்டுக் கதவைத் தட்டிய ஒருவர் என்னைப் பார்த்து, பாஸ்டர் இல்லைங்களா என்று கேட்டார். நான்தான் பாஸ்டர் என்றேன். பரவாயில்லைம்மா, அவர் வந்த பிறகு வரேன் என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். எவர் வந்த பிறகு? சிரிப்பும் ஆத்திரமுமாக அதை அப்படியே எழுதிப் போட்டேன். வீட்டு ஜெபத்துக்குப் போனால் ஆண்களை ஹாலில் உட்கார வைத்துவிட்டு, பைபிளோடு வந்த என்னை அடுப்படிக்கு அனுப்பி வெங்காயம் உரிக்க வைப்பதையும் எழுதினேன். அதற்குத்தான் ஆட்கள் வந்தார்கள். பூச்சோங்கில் பல் கிளினிக்கில் வேலை செய்கிற மாதவி, தான் இந்து, கோயிலுக்குப் போகிறவள் என்றும், ஆனால் திங்கட்கிழமை என் பதிவு வராவிட்டால் என்னமோ மாதிரி இருக்கிறது என்றும் எழுதினாள். மஸ்ஜித் இந்தியா தெருவில் சேலைக்கடையில் நிற்கிற வாணி, சாப்பாட்டு நேரத்தில் துணிக்கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து படிப்பதாகச் சொன்னாள். இத்தனை வருடம் மேடையில் நின்று நான் பேசியிருக்கிறேன் அக்கா, மேடைக்கு யாரும் பதில் பேசுவதில்லை. இங்கே பேசினார்கள். நான் எதற்கு இந்த வேலைக்கு வந்தேன் என்று எனக்கே மறுபடி தெரிந்தது அப்போதுதான்.

போன வருடம் ஈஸ்டர் முடிந்த வாரத்தில், எங்கள் சபை மலருடைய மகன் சுகுமாறன் இறந்துபோனான். மலர் பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைப்பவள். பாடகர் குழுவில் சுருதி சேராமல் சத்தமாகப் பாடுவாளே என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன், அவள்தான். சுகுமாறன் சாப்பாடு டெலிவரி செய்துகொண்டிருந்தான். ஆராதனை நேரத்தில் ப்ரொஜெக்டர் வேலை செய்யாவிட்டால் எல்லோரும் அவனைத்தான் தேடுவார்கள். அவன் தன் வாழ்வைத் தானே முடித்துக்கொண்டான். ஏன் என்று அவன் சொல்லவில்லை. நமக்கும் தெரியாது.

அன்று காலையிலேயே கமிட்டித் தலைவர் திருச்செல்வம் ஐயா போன் செய்தார். சவப்பெட்டி கோயிலுக்குள் வரக்கூடாது, சபைக் கல்லறையில் இடம் கிடையாது, வேண்டுமானால் வீட்டுக்குப் போய் ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டு வாருங்கள், அங்கி போடவேண்டாம் என்றார். எந்தச் சட்டத்தில் அப்படி இருக்கிறது என்று கேட்டேன். இதுதான் வழக்கம் என்றார். ப்ரொஜெக்டரைச் சரிபண்ண உள்ளே வரலாம், பெட்டியில் மட்டும் வரக்கூடாதா ஐயா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. நம் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஓடிவந்து ரத்தம் கொடுத்தவர் அவர்தான். அதனாலேயே எனக்கு இன்னும் வலித்தது.

அடக்கத்தன்று நான் போனபோது கோயில் கேட்டில் பூட்டு தொங்கியது. சரி என்று திரும்பி, அங்கியைப் போட்டுக்கொண்டு, தோளில் பட்டையைப் போட்டுக்கொண்டு, மலர் குடியிருக்கிற ஃபிளாட்டுக்குப் போனேன். கீழ்த்தளத்தில், மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். சூடு தாங்கவில்லை, அங்கி முதுகோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டு மக்சிக், அந்த மலாய்க்கார அம்மா, தன் வீட்டு நாற்காலிகளை எல்லாம் கீழே இறக்கிப் போட்டிருந்தார். டெலிவரிப் பையன்கள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். சபையிலிருந்து வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஒரு வரியையும் விடாமல் முழு ஆராதனையும் நடத்தினேன். பொதுக் கல்லறையில் மண் போட்டு முடித்த பிறகு மலர் என் கையைப் பிடித்து, என் பிள்ளை இப்ப எங்க இருப்பான் பாஸ்டர் என்று கேட்டாள். அவனைப் படைத்தவரிடம் இருக்கிறான், நம்மில் யாருக்கும் வேறு போக்கிடம் கிடையாது என்றேன். அன்றுமுதல் இன்றுவரை அந்தப் பதிலை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

அதை எழுத வேண்டும் என்று தோன்றியபோது, முதலில் மலரிடம் போய்க் கேட்டேன். உன் பெயரும் அவன் பெயரும் வராமல் எழுதுகிறேன் என்றேன். அவள் என்னை முறைத்துப் பார்த்தாள். ஏன் பாஸ்டர், என் பிள்ளைக்குப் பேர் இல்லையா, பேரைப் போட்டு எழுதுங்க என்றாள். பெயரைப் போட்டு எழுதினேன். பூட்டிய கேட்டையும் எழுதினேன். நம் சபை பூட்டிய கேட் அது, வேறு யாருடைய கேட்டைப் பற்றி நான் எழுதுவேன்?

அந்த வாரம் வந்து குவிந்த பதில்களைப் படிக்கும்போது பலமுறை எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். ஒரு பெண் தன் புருஷன் எப்படிப் போனார் என்று பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லவில்லையாம். டெங்கி என்று சொல்லி வைத்திருக்கிறாள். பிள்ளைகளுக்கே கல்யாணமாகிவிட்டது. அண்ணனைப் பறிகொடுத்த ஒருத்தி, வீட்டில் அவன் பேச்சை எடுத்தாலே அப்பா டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார் என்று எழுதினாள். இப்படியே எழுதிக்கிட்டு இருந்தா போதுமா அக்கா, ஒரு தடவை நேர்ல பார்க்கலாம்லா என்று மாதவிதான் ஆரம்பித்து வைத்தாள். எல்லோருக்கும் ரயில் வசதி என்று பிரிக்ஃபீல்ட்ஸில் கூடினோம். கனகசபை அண்ணனின் சாப்பாட்டுக் கடைக்கு மேலே ஒரு அறை இருக்கிறது. ஏழெட்டுப் பேர் வருவார்கள் என்று நினைத்தேன். நாற்காலி போதாமல் அண்ணன் கீழேயிருந்து அரிசி மூட்டைகளைத் தூக்கிவந்து போட்டார். நீங்க அழுறீங்க, என் டீ எல்லாம் ஆறிப்போகுது என்று இன்றுவரை குறைபட்டுக்கொள்கிறார். ஆனால் சனிக்கிழமை வந்தால் அந்த அறையை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை.

நாங்கள் அங்கே என்ன செய்கிறோம் என்று கேட்டாயே, மதம் மாற்றுகிறோமா என்று. திருநீறு பூசியவர்களும் வருகிறார்கள், சிலுவை போட்டவர்களும் வருகிறார்கள். யாராவது கேட்டால் ஒழிய நான் ஜெபம்கூடச் செய்வதில்லை. முதலில் போனவருடைய பெயரைச் சொல்வோம், பிறகு அவருக்குப் பிடித்த சாப்பாட்டைச் சொல்வோம். சுகுமாறன் ரொட்டி சானாயைக் குழம்பில் தொடமாட்டான், சீனியில்தான் தொடுவான் என்று மலர் சொன்னாள். யாரோ சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.

அப்புறம் கமிட்டி என்னைக் கூப்பிட்டது. என் பதிவை அச்சடித்து, மஞ்சள் மையால் கோடு போட்டு வைத்திருந்தார்கள். சபை விஷயத்தைச் சந்திக்கு இழுத்துவிட்டேனாம். வெளியாட்களோடு கூட்டம் போடுகிறேனாம். ஒரு பெண் ஊழியருக்கு அடக்கம் வேண்டுமாம். பதிவை எடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மேடையில் நின்று மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். எதற்கு மன்னிப்பு, எழுதியதற்கா, அடக்கம் பண்ணியதற்கா என்று கேட்டேன். அச்சடித்த தாளை என் பக்கம் தள்ளி வைத்தார்கள். பேராயர் தனியாகக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்து, கொஞ்ச காலம் நிறுத்தி வையுங்கள் சிஸ்டர், எல்லாம் ஆறிவிடும் என்று அன்பாகத்தான் சொன்னார். ஆறிவிடும் என்றுதானே இத்தனை பேரும் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள், யாருக்கு ஆறியது ஐயா என்றேன். அடுத்த வாரமே மாற்றல் உத்தரவு வந்தது.

கடைசி ஞாயிறு மேடை ஏறினேன். மன்னிப்புக் கேட்பேன் என்று சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மரித்தோருக்கான ஜெபத்தில், மலரின் மகன் சுகுமாறனுக்காக என்று சத்தமாகச் சொன்னேன். இரண்டு பெஞ்சு ஆட்கள் எழுந்து வெளியே போனார்கள். திருச்செல்வம் ஐயா போகவில்லை. தலையைக் குனிந்தபடி கடைசிவரை உட்கார்ந்திருந்தார். அவர் மனம் மாறினாரா என்று எனக்குத் தெரியாது.

தண்டனை என்று நினைத்துத்தான் என்னை இங்கே அனுப்பினார்கள். செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் சின்னக் கோயில், கூரையில் வௌவால், விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள். போன் லைன் கிடைக்க வேண்டுமென்றால் கேட் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அங்கே நின்றுதான் பதிவு போடுகிறேன். சபைப் பெயரை எடுத்துவிட்டேன், என் பெயரைப் போட்டிருக்கிறேன். சனிக்கிழமை தவறாமல் பஸ் பிடித்து பிரிக்ஃபீல்ட்ஸ் போகிறேன். இங்கே வந்த முதல் வாரமே ஒரு அம்மா என்னிடம், நீங்கதானே அந்தப் பையனை அடக்கம் பண்ணின பாஸ்டர் என்று கேட்டார். ஆமாம் என்றேன். உட்காருங்க, சாப்பிட்டுப் போங்க என்றார். எனக்கு வேறென்ன வேண்டும்?

அக்கா, நீ ஏன் போனை எடுப்பதில்லை என்று எனக்குத் தெரியும். உனக்குப் பயம் என் வேலையைப் பற்றி இல்லை. அட்ரியனைப் பற்றி எழுதிவிடுவேனோ என்று பயப்படுகிறாய். உன் பிள்ளையைப் பற்றி நான் ஒரு வரி எழுதியதில்லை. நீயாகச் சொல்லாதவரை எழுதவும் மாட்டேன். இருபத்து மூன்று வயதில் மாரடைப்பு என்று எல்லோரிடமும் சொன்னாய். நீ சொன்னதை நான் யாரிடமும் மறுத்ததில்லை. அன்றைக்கு நான் பெர்த்துக்கு வந்தபோது உன் முகம் எனக்குச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு நாம் இரண்டு பேரும் வெயிலைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த மாதம் அத்தான் வீட்டுக் கல்யாணத்துக்குப் பூச்சோங் வருகிறாய். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. இரண்டு நாள் முன்னதாக வா. சனிக்கிழமை மத்தியானம் என்னோடு பிரிக்ஃபீல்ட்ஸ் வா. பெர்த்திலிருந்து வந்த என் அக்கா என்று மட்டும் சொல்கிறேன், அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். நீ பேச வேண்டாம். கதவோரம் உட்கார். பிடிக்காவிட்டால் எழுந்து கீழே போய்விடலாம், நானும் கூட வந்துவிடுவேன். அதற்கு நீ என்னைத் திட்டினாலும் திட்டு. வராமல் மட்டும் இருந்துவிடாதே.

அத்தானுக்கும் உனக்கும், நீ பூட்டி வைத்திருக்கிற அட்ரியன் அறைக்கும், கர்த்தருடைய சமாதானம் உண்டாகட்டும்.

உன் தங்கை,
மார்க்கிரட்