காலிப் பாக்கெட் அரபா

செப்டம்பர் 19, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரில் கடலுக்கு ஓய்வு நாள், யாரும் மீன் பிடிக்கப் போகமாட்டார்கள். அதனால் மீன் இல்லை. நேற்று மிஞ்சின புளித்த சோளமாவுக் கென்கேயும் மிளகாய்த் துவையலும்தான். என் வீட்டுக்காரன் எக்கோ அதைப் பொருட்படுத்தவில்லை. அவனுக்குச் சோறு தண்ணி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, காலை ஆறரைக்கு ரேடியோ நிகழ்ச்சிக்கு லைன் கிடைத்துவிட வேண்டும். தினமும் போன் போட்டு ஊர்க்குறை பேசுகிறவர்கள் இந்த ஒகுவா ஊரில் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். ஊருக்கே அவர்கள் பெயர் தெரியும். அதில் ஒருத்தனுக்கு நான் வாக்கப்பட்டிருக்கிறேன்.

"டாட்சி, குட் மார்னிங்! கோட்டோகுராபா எக்கோ பேசுறேன்!" நிகழ்ச்சி நடத்துகிற டாட்சியிடம் இப்படித்தான் ஆரம்பிப்பான், பின்னால் கோட்டோகுராபா சந்தையில் இருக்கிற அவன் கடையின் தையல் மெஷின் கடகடவென்று ஓடும். மெஷினை நிறுத்திவிட்டுப் பேசக்கூடாதா என்றால், மெஷின் சத்தம் கேட்டால்தான் நான் என்று ஜனங்கள் நம்புவார்கள் என்கிறான்.

இன்று எல்லோருக்கும் ஒரே பேச்சு. ராத்திரி மழையில் சந்தைச் சாக்கடை அடைத்துக்கொண்டு தண்ணீர் கடைகளுக்குள் ஏறிவிட்டது. "எட்டிப் பார்த்தேன் டாட்சி, சாக்கடை பூரா நண்டு, நண்டு, நண்டு! என்னையே முறைக்குது!" என்றார் ஒருத்தர். நான் வேலை பார்க்கிற கம்பெனியின் தண்ணீர் பாக்கெட்டில் அச்சடித்திருக்கிற நீல நண்டுதான். எனக்குக் காது சுட்டது.

எக்கோ தெருவிளக்கைப் பற்றி மட்டும் பேசினான். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். என் கம்பெனி அவன் வாயில் வராது.

செப்டம்பர் 22, வெள்ளி

முதலாளி அமிசா கூப்பிட்டார். பல்கலைக்கழக விடுதிப் பிள்ளைகள் நண்டுத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். இரண்டு பெரிய சாவு வீடுகளும் வேறு தண்ணீர் வாங்கிவிட்டன. சாவு வீடு போனால் கம்பெனி போச்சு. இங்கே சாவுக் காரியமெல்லாம் சனிக்கிழமைதான், ஒரு சனிக்கிழமைக்கு எத்தனை ஜனம் குடிக்கும்!

"தண்ணியில குறையே இல்ல அரபா. சாக்கடையில நம்ம மூஞ்சி கிடக்குது, அதான் குறை" என்றார். அதற்கு அவரே ஒரு வழி சொன்னார். ஒரு சாக்குக் காலிப் பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு மூட்டைத் தண்ணீர் இலவசம். காலிப் பாக்கெட்டெல்லாம் டெமாவில் உள்ள பிளாஸ்டிக் ஆலைக்குப் போய் உருகி நாற்காலியாகும். யோசனை நல்ல யோசனைதான், வாய்விட்டே சொன்னேன்.

"அப்ப ரேடியோவுல நீயே பேசு. என் குரலைக் கேட்டா பொருள் விக்க வந்திருக்கான்னுதான் நினைப்பாங்க."

நானா? பதினோரு வருஷமாகத் தண்ணீரைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவள், புகார் போனை எடுக்கிறவள். அவ்வளவுதான் நான்.

செப்டம்பர் 25, திங்கள்

பேசிவிட்டேன். எழுதிக் கொடுத்ததைப் படித்தேன், முடிவில் ஒரு வரியை நானாகச் சேர்த்தேன். "குடிச்சு முடிச்சதை வீசாதீங்க, என்கிட்ட கொடுங்க. அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும். அதுக்கு நான் பொறுப்பு."

ஏன் சேர்த்தேன்? நன்றாக இருந்தது, அதனால்தான்.

அக்டோபர் 2, திங்கள்

சந்தையில் என் பெயர் மாறிவிட்டது. "காலிப் பாக்கெட் அரபா! இந்தா, வாங்கிக்கோ!" என்று தக்காளி விற்கிறவள் எட்டுப் பத்துப் பாக்கெட்டை என் கூடையில் திணிக்கிறாள். எக்கோவுக்குத் தாங்கவில்லை. "இருபது வருஷமா நான் கத்துறேன், ஒரு பய எனக்குப் பட்டப்பேர் வைக்கல. நீ ஒரே ஒரு நிமிஷம் பேசின!"

"பொறாமை" என்றேன்.

"ஆமா, பொறாமைதான்" என்று கன்னத்தைக் கிள்ளினான். சந்தை நடுவில். மானம் போச்சு.

அக்டோபர் 9, திங்கள்

ஆபா ஆன்ட்டி வந்தார். சபை மாதர் சங்கத் தலைவி. இந்த ஊரில் அவர் தலையசைக்காமல் ஒரு சாவு வீட்டிலும் பாத்திரம் இறங்காது. சனிக்கிழமை ஓட்டூ வீட்டுச் சாவுக் காரியத்தில் குடித்த காலிப் பாக்கெட் பதினேழு சாக்கு கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு சாக்கின் வாயையும் அந்தக் குடும்பத்தார் எல்லோரும் ஒரே மாதிரி உடுத்துகிற துக்கத் துணியின் கிழிசலால் கட்டியிருந்தார்கள். இரவல் கொடுக்கிற அண்டா, நாற்காலிக்கெல்லாம் அப்படிக் கட்டுகிற பழக்கம்தான், யாருடையது என்று தெரிய வேண்டுமே. துணியைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. எக்கோ வெட்டித் தைத்த துணி. கடையின் வெட்டுத் துண்டுகளை அவன்தான் கொடுத்தனுப்பியிருக்கிறான்.

"உன்னை நம்பித்தான் கொண்டு வந்தேன். அமிசாவை நம்பி இல்ல" என்றார் ஆன்ட்டி. இலவச மூட்டைகளை வாங்க மறுத்துவிட்டுப் போனார்.

சாக்கைப் பிரித்தால் உள்ளே மணல், குழம்பு எண்ணெய், மீன் முள். மூக்கைப் பிடித்துக்கொண்டேன். கழுவிக் காயவைத்துக் கொடுங்கள் என்று சொல்ல எங்கள் ஒருத்தருக்கும் தோன்றவில்லையே!

அக்டோபர் 23, திங்கள்

கிடங்கு நிரம்பி வழிந்தது. இன்று போய்ப் பார்த்தால் காலி. டெமாவுக்கா போனது என்று கேட்டேன். "வேற ஏற்பாடு பண்ணியாச்சு" என்றார் முதலாளி, முகத்தைப் பார்க்காமல்.

சரி என்றேன். சரி என்றுதானே சொன்னேன்? இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம்.

நவம்பர் 2, வியாழன்

எக்கோ இன்று ரேடியோவுக்குப் போன் போடவில்லை. தொண்டை சரியில்லையாம்.

நவம்பர் 3, வெள்ளி

இன்றும் இல்லை. டாட்சி ரேடியோவிலேயே கேட்டுவிட்டார், "கோட்டோகுராபா எக்கோ எங்கேப்பா? அவரைப் பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா?" அதற்குப் பிறகு வழி நெடுக எனக்கு விசாரிப்பு. காய்ச்சலா, ஆஸ்பத்திரியா, சண்டையா? தொண்டை சரியில்லாதவன் நேற்று குளிக்கும்போது பாட்டுப் பாடினான். என்னிடம் என்னமோ மறைக்கிறான்.

நவம்பர் 5, ஞாயிறு

கேட்டுவிட்டேன். சபையிலிருந்து வந்து உடை மாற்றுவதற்குள் கேட்டுவிட்டேன். இன்னொரு பொம்பளையா என்று கூடக் கேட்டேன். கடவுளே, அதுவாக இருந்திருந்தால் கூட அடித்து நொறுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன்.

சட்டைப் பையிலிருந்து மூன்று துணிக் கிழிசலை எடுத்து மேசையில் வைத்தான். பழுப்பில் வெள்ளைப் பூங்கொடி போட்ட துணி. ஓரம் கருகியிருந்தது.

"ஓட்டூ வீட்டுத் துணி. நானே வெட்டினது, எனக்குத் தெரியாதா?"

புதன்கிழமை எஃபுட்டு பக்கம் உருப்படி கொடுக்கப் போயிருக்கிறான். பழைய கல்குவாரிக் குழியில் புகை. எட்டிப் பார்த்தால் சாக்கு சாக்காக எங்கள் நண்டு. எரிந்தது பாதி, எரியாதது பாதி.

"ஏன்யா ரேடியோவுல சொல்லல?"

"சொன்னா ஊரு அமிசாவையா கேக்கும்? பொறுப்புன்னு சொன்ன குரல் உன்னுது."

"அப்ப தெருவிளக்கைப் பத்தியாவது பேசியிருக்கலாம்ல? எதுக்கு ஒரேயடியா வாயை மூடின?"

கருகின கிழிசலை விரலால் நீவினான். பிறகு, "இதை மறைச்சு வெச்சுக்கிட்டு தெருவிளக்கைப் பத்திப் பேச எனக்கு வாய் வரல அரபா. போனைக் கையில எடுத்தேன். முடியல. அதுக்காக உன்னைக் காட்டிக் கொடுக்கவும் முடியல. அதான் விட்டுட்டேன்" என்றான்.

ரேடியோதான் அவன் உயிர். அதை எனக்காக விட்டுவிட்டு, தொண்டை சரியில்லை என்று பொய்யும் சொல்லிக்கொண்டு... அழுதேன். அவன் முதுகில் ஓங்கி இரண்டு வைத்தேன். பிறகு அதே முதுகைக் கட்டிக்கொண்டு அழுதேன். அட பைத்தியக்காரா.

நவம்பர் 6, திங்கள்

முதலாளியிடம் போய்க் கேட்டேன், மறுக்கவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. "டெமாக்காரன் அழுக்குப் பாக்கெட்டைத் தொட மாட்டேன்னுட்டான். நாளுக்கு நாப்பது சாக்கு வருது. நான் என்ன செய்ய, தின்னவா?"

"நிறுத்திட்டேன்னு சொல்லியிருக்கலாம்."

"இப்பத்தான் சாவு வீடெல்லாம் திரும்பி வருது. கிறிஸ்மஸ் வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு அரபா, அப்புறம் ஒரு வழி பண்றேன். உன் நல்லதுக்கும்தான்."

கெட்ட மனுஷன் இல்லை. நான் சான்றிதழ் இல்லாமல் வந்து நின்றபோது வேலை கொடுத்து, தானே கட்டணம் கட்டிப் படிக்க அனுப்பினவர். அவரைப் பார்த்துக் கோபப்பட எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் பேசினது நான். ஆபா ஆன்ட்டி என்னை நம்பித்தான் தூக்கிக்கொண்டு வந்தார்.

நவம்பர் 7, செவ்வாய்

எக்கோவின் கடையிலிருந்து, எக்கோவின் போனில் ரேடியோவுக்குப் பேசினேன். நம்பரைப் பார்த்ததும் டாட்சி கூவினார், "வந்துட்டான்யா! எக்கோ, உயிரோட இருக்கியா?"

"எக்கோ இல்ல. அரபா. காலிப் பாக்கெட் அரபா."

நாலு வாக்கியம்தான் பேசியிருப்பேன். நீங்கள் கொடுத்தது டெமாவுக்குப் போகவில்லை, எஃபுட்டு கல்குவாரியில் எரிந்தது. எனக்கு அப்போது தெரியாது, ஆனால் பொறுப்பு என்று சொன்னவள் போய்ப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. தப்பு என்னுடையது. இனி என்னிடம் பாக்கெட் கொடுக்காதீர்கள்.

எக்கோ மெஷினை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தான். நான் போனை வைத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

நவம்பர் 9, வியாழன்

வேலை போய்விட்டது. தக்காளி விற்கிறவள் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேலை போனதைவிட அதுதான் சுட்டது.

நவம்பர் 13, திங்கள்

ஆபா ஆன்ட்டி இரண்டு பெண்களோடு வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே, "வெட்கமா இல்ல? செத்தவர் பேரைச் சொல்லிக் கட்டின துணிடீ அது! அதைப் போய் நெருப்புல போட்டிருக்காங்க!" என்று தெருவுக்கே கேட்கும்படி திட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டி முடித்து உள்ளே வந்து உட்கார்ந்து, "தண்ணி கொடு" என்றார்.

வீட்டில் நண்டுத் தண்ணீர்தான் இருந்தது. தயங்கிக்கொண்டே நீட்டினேன். நண்டை ஒரு பார்வை பார்த்தார், மூலையைக் கடித்துத் துப்பினார், ஒரே மூச்சில் குடித்தார். "செருப்பை மாட்டு, கிளம்பு" என்றார்.

கம்பெனி முற்றத்தில் விற்காத மூட்டைகள் கூரை வரைக்கும் நின்றன. முதலாளி பாதி ஆளாக இளைத்திருந்தார்.

"தண்ணி நல்லாத்தான் இருக்கு அமிசா. உன் வார்த்தைதான் நாறுது" என்றார் ஆன்ட்டி. "பாக்கெட்டை நாங்க கழுவிக் காயவெச்சுத் தர்றோம். லாரியில இவ கூடப் போவா. டெமாவில என்ன பார்த்தாளோ அதை அப்படியே ரேடியோவுல வந்து சொல்லுவா. நல்லதுன்னாலும் சரி, கேவலம்னாலும் சரி. இதுக்குச் சம்மதம்னா சாவு வீட்டுல உன் தண்ணி இறங்கும். இல்லேன்னா நீயே குடிச்சுத் தீரு."

"இவளைத்தான் நான் வேலையை விட்டு அனுப்பிட்டேனே!"

"அனுப்பினா என்ன, கூப்பிடு."

கூப்பிட்டார். நான் ஒரு அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன், அப்படியும் "அரபா!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

நவம்பர் 21, செவ்வாய்

நேற்று டெமா. இடுப்பு கழன்றுவிட்டது. ஆலைக்காரன் ஒவ்வொரு சாக்காகப் பிரித்து முகர்ந்து பார்க்கிறான், மாமியார் மாதிரி! பாதியை எடுத்துக்கொண்டான், பாதியைத் திருப்பிவிட்டான்.

காலையில் ரேடியோவில் அதை அப்படியே சொன்னேன். பாதி திரும்பி வந்துவிட்டது, சபைக் கொட்டகையில் கிடக்கிறது, மறுபடி கழுவ வேண்டும். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் பகலில் கொட்டகைக்குப் போனால் கழுவ இருபது பேர் வந்திருக்கிறார்கள், தக்காளி விற்கிறவளும். "இன்னும் உன்மேல கோபம்தான்" என்றாள், சோப்பு நுரைக் கையோடு. இருக்கட்டும்.

டிசம்பர் 1, வெள்ளி

எங்கே பார்த்தாலும் கொடியில் பாக்கெட் காய்கிறது. விற்பனை பழைய அளவுக்கு வரவில்லை. முதலாளி அதையும் ரேடியோவில் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

எக்கோ மறுபடி தெருவிளக்கு, சாக்கடை என்று பேசுகிறான். என் கம்பெனியை மட்டும் இன்னமும் தொடுவதில்லை. பயப்படுகிறானோ?

டிசம்பர் 13, புதன்

இன்று காலை என் வீட்டுக்காரன் ரேடியோவில் என்னைத் திட்டினான்.

"டாட்சி, திங்கக்கிழமை வர வேண்டிய நண்டு லாரி இன்னும் வரல! என் கடை வாசல்ல ஒன்பது சாக்கு நிக்குது, வாடிக்கையாளர் உள்ள வர வழியில்ல. பொறுப்புன்னு சொன்னாங்களே அந்தம்மா, எங்கே போனாங்க?"

அந்தம்மா அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டு இருந்தாள். கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

டாட்சி விழுந்து விழுந்து சிரிக்கிறார். "எக்கோ, அந்தம்மா உன் பொண்டாட்டிதானே?"

"அது வீட்டுல. இங்கே நண்டுக் கம்பெனி. பதில் சொல்லட்டும்!"

உடனே போன் போட்டேன். டிரைவருக்குக் காய்ச்சல், இரண்டு நாள் தாமதமானது எங்கள் தப்பு, நாளை ஆறு மணிக்கு நானே லாரியோடு கோட்டோகுராபாவுக்கு வருகிறேன் என்றேன். முதலாளி கேட்டிருப்பார், சாயங்காலம் வேறு டிரைவரை அனுப்பினார்.

எக்கோ வீட்டுக்கு வந்து கதவோரம் நின்று எட்டிப் பார்த்தான். "கோபமா?"

"ஆமா" என்றேன். சத்தியமாகக் கோபம் இல்லை. நெஞ்சு நிறைந்திருந்தது, அவ்வளவுதான்.

இப்போது எனக்கு எதிரே உட்கார்ந்து, நாளைய பயணத்துக்காக என் ரவிக்கையில் பிய்ந்த பொத்தானைத் தைக்கிறான். நாளை மறுநாள் டாட்சியிடம் என்ன குறை சொல்லலாம் என்று என்னிடமே யோசனை கேட்கிறான், வெட்கம் கெட்டவன். மீனவர் குடியிருப்புப் பக்கம் எங்கள் லாரி இதுவரைக்கும் ஒரு சாக்குகூட எடுக்கவில்லை, அதைக் கேள் என்று சொல்லிக் கொடுத்தேன்.