மூன்று ஓலை வாசித்த பிறகு

கீழ்ப்பாக்கம், சென்னை
8-3-1940

அன்புள்ள ஆரோக்கியம் மச்சானுக்கு,

உங்கள் மாமன் மகள் இன்பமேரி எழுதுகிறேன். பெயரைப் பார்த்ததும் கிழித்துவிடாதீர்கள். கோயிலில் மூன்று ஞாயிறும் நம் கல்யாண ஓலை வாசித்து ஊரறிய அறிவித்த பிறகு, கல்யாணத்தன்று விடியுமுன் சொல்லாமல் போனவள் நான். மன்னிப்புக் கேட்க ஒன்பது வருஷம் ஆகியிருக்கிறது.

உங்கள் மனைவி தெரசம்மாளும் பிள்ளைகளும் சுகமா?

என் படம் பதினான்காவது வாரம் ஓடுகிறது. 'சேலம் இன்பவல்லி' என்று சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள். அதுவே வினையாகிவிட்டது. யார் வீட்டுப் பெண் என்று ஒரு வம்புப் பத்திரிகை துருவுகிறது. நாடகக் கம்பெனி ஆர்மோனியக்காரரோடு ஓடியவள் என்று போன வாரம் எழுதினார்கள். அந்த மனிதரின் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை. அடுத்து உங்களைத் தேடி வருவார்களாம். நடந்ததைச் சொல்லுங்கள். எனக்காக எதையும் மறைக்க வேண்டாம்.

அப்பாவுக்கு எழுதுவதெல்லாம் பிரிக்காமலே திரும்பி வருகிறது. எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

உங்கள் நல்ல மனதை நம்பும்,
இன்பமேரி


செவ்வாய்ப்பேட்டை, சேலம்
15-3-1940

அன்புள்ள மேரி,

சர்வேசுரன் கிருபையால் எல்லாரும் சுகம். சின்னவளுக்கு மட்டும் கக்குவான் இருமல். உன் கடிதத்தை முதலில் படித்தது தெரசம்மாள்தான். "நம்ம ஊட்டுக்கு எழுத இத்தனை பயமா, பாவம்" என்றாள்.

நீ போனபோது அழுதேன், இல்லையென்று சொல்லமாட்டேன். பிறகு இவள் வந்தாள். அழுததை நினைக்க இப்போது நேரமில்லை.

மாமாவுக்கு முழங்கால் வலி. மற்றபடி திடம்தான். ஞாயிறு பூசை முடிந்தால் நம் வீட்டில்தான் சாப்பாடு. உன் பெயரை மட்டும் யாரும் எடுக்கக்கூடாது.

பத்திரிகைக்காரர் உன் கடிதத்துக்கு முன்பே வந்துவிட்டார். நான் ஓட்டும் ஆத்தூர் பஸ்ஸில் ஏறி, என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, "அந்தப் பெண் உங்களை விட்டுவிட்டு யாரோடு ஓடியது?" என்று பஸ்ஸே கேட்கும்படி கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"யாரும் ஓடலைங்க. நான்தான் கடைசி நேரத்துல கல்யாணம் வேண்டாம்னுட்டேன். அந்த அவமானம் தாங்காம அது ஊரை உட்டுப் போயிருச்சு. எழுதிக்குங்க" என்றேன்.

எழுதிக்கொண்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் என்னை முறைத்தார்கள். அதற்காக நடுவழியில் இறங்கியா போய்விடுவார்கள்? நீ நிம்மதியாக நடி.

ஆரோக்கியசாமி


கீழ்ப்பாக்கம், சென்னை
20-4-1940

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் சொன்னதைப் பத்திரிகையில் படித்துவிட்டு அப்பா கடிதம் எழுதியிருக்கிறார். ஒன்பது வருஷத்தில் முதல் கடிதம். "குற்றமில்லாத பிள்ளையைச் சபித்துவிட்டேன். வீட்டுக்கு வா மகளே. அந்த ஆரோக்கியம் முகத்தில் இனி விழிக்கமாட்டேன்" என்று எழுதியிருக்கிறார். உங்கள் வீட்டுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாராமே. நீங்கள் இதை எனக்கு எழுதவே இல்லை.

மச்சான், பெட்டியைக்கூடக் கட்டிவிட்டேன். வாயை மூடிக்கொண்டு ரயில் ஏறினால் அப்பா கிடைப்பார், படமும் நிற்காமல் ஓடும். ஆனால் உங்கள் வாசலைத் தாண்டித்தானே அவர் வீட்டுக்குப் போக வேண்டும்? நான் இல்லாத வருஷமெல்லாம் அவருக்கு மகனாக இருந்தது நீங்கள்.

ஆகவே அந்தப் பத்திரிகைக்கும் அப்பாவுக்கும் ஒரே கடிதத்தை எழுதி அனுப்பிவிட்டேன். "என்னை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரும் கூட்டிப்போகவும் இல்லை. நாடகத்தில் பாட ஆசைப்பட்டு நானே போனேன். என் மச்சான் ஒரு தப்பும் செய்யவில்லை." அவ்வளவுதான் எழுதினேன்.

அச்சில் வந்த மறுநாளே படக் கம்பெனி முதலாளி கூப்பிட்டு, இந்தப் பேச்சு படத்துக்கு ஆகாது, அடுத்த படத்தில் வேறு பெண்ணைப் போட்டாயிற்று என்றார். போகட்டும். எனக்காகச் சொன்னதை நானே பொய்யாக்கிவிட்டேன் என்று உங்களுக்கு வருத்தமா? அப்பாவைக் கைவிடாதீர்கள்.

உங்கள்,
மேரி


செவ்வாய்ப்பேட்டை, சேலம்
5-5-1940

அன்புள்ள மேரி,

வருத்தமில்லை. தெரசம்மாளிடம்தான் நன்றாகத் திட்டு வாங்கினேன். "அவளுக்கு இருக்குற தைரியம் உங்களுக்கு இல்லைங்க" என்கிறாள்.

உன் கடிதம் கைக்கு வந்த மறுநாள் மாமா என் பஸ்ஸில் ஏறினார். ஆத்தூர் போய்த் திரும்பும்வரை இறங்கவே இல்லை. சேலத்தில் எல்லாரும் இறங்கிய பிறகு, "எதுக்குடா பொய் சொன்னே?" என்றார். நான் எஞ்சினை நிறுத்தினேன். "சரி, அந்தப் படம் எந்தக் கொட்டகையில ஓடுது?" என்றார்.

கொட்டகைக்குள் கால் வைக்காத மனிதர், மேரி. எனக்கும் தெரசம்மாளுக்கும் நடுவில் உட்கார்ந்தார். நீ ஆற்றங்கரையில் நின்று பாடும் இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே வந்து, "இதுக்குத்தான் போனாளா?" என்று கேட்டார்.

"ஆமாங்க மாமா."

தெருமுனை வந்ததும், "சொல்லியிருந்தா நான் உட்டிருக்கமாட்டேன்" என்றார். நீ செய்தது சரி என்று அவர் சொல்லவில்லை. சொல்வார் என்றும் தோன்றவில்லை. ஆனால் இன்று பூசை முடிந்து நேரே நம் வீட்டுக்கு வந்து இலை போடச் சொன்னார். சாப்பிடும்போது, "அவ இங்க வந்தா நாலு பேர் நாலு சொல்லுவான். நானே போய்ப் பாத்துட்டு வாரேன்" என்றார்.

வியாழன் காலை ரயிலில் சென்ட்ரலில் இறங்குவார். ரயில் படி உயரம், அவர் முழங்கால் மடங்காது. நீ முன்னால் போய் நின்று கை கொடு. வேண்டாம் என்றுதான் சொல்வார், விடாதே.

ஆரோக்கியசாமி